மரபும் காலமும் எண்ணும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

"தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கும் இருக்கிறது, ஆகவே எனக்கும் வரும்" என்பது உயர் இரத்த அழுத்தத்தைக் குறித்துப் பல வீடுகளில் கேட்கும் பேச்சு. "எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இல்லை; எனக்கு வராது" என்பது அதன் மறுபக்கம். முன்னது அச்சத்தால் எழுவது. பின்னது அசட்டையால் எழுவது. இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்கு நிற்கிறது என்பதை அறிய மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் கைகோத்தனர். ஓர் ஊரின் மூன்று தலைமுறைகளைப் பின்தொடர்ந்தனர். அவர்கள் சென்ற வழியையும் கண்ட விடையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒருவர், மூன்று அளவுகள்

இரத்த அழுத்தம் இரண்டு எண்களால் குறிக்கப்படுகிறது. இதயம் சுருங்கிக் குருதியை உந்தும்போது நாளச் சுவரில் எழும் அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து தளரும்போது எஞ்சியிருக்கும் அழுத்தம் கீழ் எண். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பதைக் கொண்டு இவை கணக்கிடப்படுகின்றன.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1935ஆம் ஆண்டில் 136/78 ஆக இருந்தது. 1941ஆம் ஆண்டில் அது 188/105 ஆக உயர்ந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் மயங்கிச் சாய்ந்தபின் அளந்தபோது 300/190 எனக் காட்டியது. மூளையில் குருதிநாளம் வெடித்து, அன்று பிற்பகலிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63.

உலகின் ஆற்றல்மிக்க தலைவர் ஒருவருக்கு மருத்துவர்களின் கண்காணிப்பு இல்லாமல் இல்லை. எனினும் வயது கூடும்போது இரத்த அழுத்தமும் கூடுவது இயல்பே என்றும், முதிர்ந்து இறுகிய நாளங்களின் வழியே குருதியைச் செலுத்த அவ்வுயர்வு உடலுக்குத் தேவை என்றும் அக்கால மருத்துவர் பலர் எண்ணினர். அழுத்தத்தைக் குறைக்கத் தக்க மருந்துகளும் அன்று இல்லை. ஆகவே மூன்று அளவுகளும் மூன்று தனிப் புள்ளிகளாகவே நின்றுவிட்டன. அவற்றை இணைத்து, காலத்தோடு ஏறிச் செல்லும் கோடாகக் காணும் பார்வை இனிமேல்தான் பிறக்க வேண்டியிருந்தது.

ஊரே ஆய்வுக்களம்

இதயநோயால் இறப்போர் தொகை பெருகிவந்த அக்காலத்தில், 1948ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய இதயச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு மேற்கே அமைந்த பிரேமிங்காம் என்னும் ஊரில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 5,209 ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆண்களை மட்டுமே கொண்டு ஆய்வுகள் பெரிதும் நிகழ்ந்துவந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

ஆய்வுக்கு வந்தோர் நோயாளிகள் அல்லர். தத்தம் தொழிலைச் செய்துகொண்டு வாழ்ந்த ஊர் மக்கள். அவர்களை ஈராண்டுக்கு ஒருமுறை அழைத்து, இரத்த அழுத்தம், எடை, கொழுப்பின் அளவு, புகைப்பழக்கம் முதலியவற்றைக் குறித்துக்கொண்டனர். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்பதைப் பல்லாண்டுகள் காத்திருந்து கண்டனர். நோய் வந்தபின் காரணத்தைத் தேடுவது பழைய முறை. நோய் வருமுன்பே அளந்து வைத்துக் காத்திருப்பது இம்முறை. இன்று மருத்துவமனைதோறும் வழங்கும் 'ஆபத்துக் காரணி' என்னும் கருத்து, 1961ஆம் ஆண்டில் வில்லியம் கேனல் முதலிய பிரேமிங்காம் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் வழியே பரவியது.

1971ஆம் ஆண்டில் முதல் தலைமுறையினரின் பிள்ளைகளும் அப்பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 5,124 பேர் சேர்க்கப்பட்டனர். 2002ஆம் ஆண்டில் பேரப்பிள்ளைகள் தலைமுறையிலிருந்து 4,095 பேர் சேர்ந்தனர். துணைவர்களையும் சேர்த்தது மரபாய்வுக்குப் பெருந்துணை ஆயிற்று. கணவனும் மனைவியும் ஒரே சமையலை உண்கின்றனர். ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஆனால் ஒரே மரபணுக்களைப் பெற்றவர் அல்லர். உடன்பிறந்தோரோ வளர்ந்தபின் தனித்தனி வீடுகளில் வாழ்ந்தாலும் மரபணுக்களில் பாதியளவு ஒத்திருப்பர். ஒரே வீட்டில் வாழும் துணைவர்களிடையே காணும் ஒற்றுமையையும், வெவ்வேறு வீட்டில் வாழும் உடன்பிறந்தாரிடையே காணும் ஒற்றுமையையும் ஒப்பிட்டால், சூழலின் பங்கு எவ்வளவு, மரபின் பங்கு எவ்வளவு என்பதை மதிப்பிட வழி பிறக்கிறது.

தெரிந்து தெளிவோம்

1733ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயர், குதிரையின் குருதிநாளத்தில் குழாயைச் செருகிக் குருதி எழும்பிய உயரத்தை அளந்து வெளியிட்டார். கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை 1896ஆம் ஆண்டில் இத்தாலியரான ரிவா ரோச்சி அமைத்தார். 1905ஆம் ஆண்டில் ருசிய மருத்துவர் கொரோட்காஃப், பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தும்போது நாளத்தில் எழும் ஒலியைக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கண்டறியும் முறையை உரைத்தார்.

நோயா? அளவா?

மரபு எவ்வாறு இரத்த அழுத்தத்தை ஆள்கிறது என்னும் வினா, இங்கிலாந்தில் இரு பெரும் மருத்துவர்களிடையே நீண்ட சொற்போரை எழுப்பியது. 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய இப்போர், 1950களில் மருத்துவ இதழ்களின் பக்கங்களில் நிகழ்ந்தது.

மான்செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் பிளாட், உயர் இரத்த அழுத்தம் தனித்ததொரு நோய் என்றார். ஒரு மரபணுவே அதற்குக் காரணம். அதைப் பெற்றவர் நோயர், பெறாதவர் நலமுடையவர் என்பது அவர் கருத்து. நோயாளிகளின் உடன்பிறந்தாருடைய அளவுகளை வரைபடமாக்கியபோது, இரு மேடுகள் தெரிவதாக அவர் கண்டார். ஒரு மேடு மரபணுவைப் பெற்றவர்களுடையது. மற்றது பெறாதவர்களுடையது என அவர் கொண்டார்.

ஜார்ஜ் பிக்கரிங் இதை மறுத்தார். பெருந்தொகையான மக்களை அளந்து வரைந்தால் இடையே பள்ளம் ஏதும் இல்லை. ஒரே மேடுதான் தெரிகிறது என்றார். உயரத்தைப் போன்றே இரத்த அழுத்தமும் ஓர் அளவு. நெட்டையர் இனி இங்கிருந்து தொடங்குகின்றனர் என இயற்கை கோடு கிழிக்கவில்லை. அவ்வாறே நோய் இங்கிருந்து தொடங்குகிறது என்னும் கோடும் மனிதர் இட்டதே. எத்தனையோ மரபணுக்கள் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் ஒருவரின் அளவை ஆக்குகின்றன என்பது அவர் முடிவு.

இம்முடிவுக்கு வேண்டிய கணித அடித்தளத்தை ரொனால்ட் ஃபிஷர் 1918ஆம் ஆண்டிலேயே அமைத்துவிட்டார். ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை அல்லது பூ என இரண்டே விளைவுகள். இருபது நாணயங்களை ஒருசேரச் சுண்டித் தலைகளை எண்ணினால், பெரும்பாலும் பத்தையொட்டிய எண்ணே வரும். இரண்டோ பதினெட்டோ அரிதாகவே வரும். இவ்வாறு பன்முறை எண்ணிய விளைவுகளை வரைந்தால் மணி வடிவிலான வளைகோடு கிடைக்கும். அதுபோன்றே, மெண்டலின் விதிப்படி இயங்கும் மரபணுக்கள் பல, ஒவ்வொன்றும் சிறு விளைவை உண்டாக்குமாயின், அவற்றின் கூட்டு விளைவு இடைவெளியற்ற மணிவடிவப் பரவலாக அமையும் என ஃபிஷர் நிறுவினார். பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோரிடையே காணும் ஒட்டுறவின் அளவையும் அதைக்கொண்டே விளக்கினார்.

பிற்கால ஆய்வுகள் பிக்கரிங்கின் பக்கமே சாய்ந்தன. எனினும் பிளாட்டின் கருத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஒரே மரபணுவின் மாற்றத்தால் அழுத்தம் மிக உயரும் அரிய நோய்கள் சில உள்ளன. லிடில் நோய்த்தொகுப்பு அவற்றுள் ஒன்று. இத்தகைய நோய்களுள் பலவும் சிறுநீரகம் உப்பைக் கையாளும் முறையில் நேரும் பிழையால் உண்டாகின்றன. கோடிக்கணக்கானோரிடம் காணும் உயர் இரத்த அழுத்தமோ பல மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் கூடி விளைவிப்பது.

பிக்கரிங் சொன்ன 'மனிதர் இட்ட கோடு' பின்னாளில் இடம் மாறவும் செய்தது. நெடுங்காலம் 140/90 என்பதே எல்லையாகக் கொள்ளப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் அதை 130/80 எனக் குறைத்தன. அந்நாளில் எவருடைய உடலும் மாறவில்லை. கோடு மட்டுமே மாறியது.

ஒரு நாள் அளவு போதுமா?

இரத்த அழுத்தம் நிலையாக நிற்பதன்று. படியேறி வந்தால் கூடும், உறங்கினால் குறையும். மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு உயரும். ஆதலால் ஒரு நாள் எடுத்த ஒரே அளவில், அம்மனிதரின் உண்மை நிலையும் அந்நாளின் தற்செயலும் கலந்திருக்கின்றன.

அளவுகள் பலவற்றின் சராசரியைக் கண்டால் தற்செயல் குறையும் என்பது புள்ளியியலின் அடிப்படை விதி. எத்தனை மடங்கு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒருவருடைய அளவு அவரது உண்மை நிலையிலிருந்து 8 மில்லிமீட்டர் திட்ட விலக்கத்தோடு ஊசலாடுவதாகக் கொள்வோம். நான்கு அளவுகளின் சராசரியில் அவ்விலக்கம் 4 ஆகக் குறையும். பதினாறு அளவுகளின் சராசரியில் 2 ஆகும். அதாவது, அளவுகளின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தால் வகுபடும்.

இவ்விதி மரபாய்வில் பெரும்பயன் விளைத்தது. மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபால் விளையும் பகுதியை 'மரபுவழிப் பங்கு' என்பர். பிரேமிங்காம் தரவில் ஒரே நாளின் அளவைக்கொண்டு கணக்கிட்டபோது, மேல் எண்ணுக்கு இப்பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்தது. பல்லாண்டு அளவுகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது அது பாதிக்கும் மேல் உயர்ந்தது. மரபு மாறிவிடவில்லை, தற்செயல் என்னும் மூடுபனி விலகவே, முன்பே இருந்த மரபின் தடம் தெளிவாயிற்று. இத்தகைய நீண்டகால அளவுகளைக் கொண்டே, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய பகுதியொன்று 17ஆம் குரோமோசோமில் இருப்பதற்கான சான்றைப் பிரேமிங்காம் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மரபுவழிப் பங்கு என்பதைப் பிழையாகப் பொருள்கொள்ளுதல் எளிது. 50 விழுக்காடு என்றால், ஒருவருடைய அழுத்தத்தில் பாதி மரபால் வந்தது என்பது பொருளன்று. குறிப்பிட்ட மக்களிடையே, குறிப்பிட்ட காலத்தில், ஒருவருக்கும் மற்றொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி மரபால் விளைகிறது என்பதே பொருள். அது கூட்டத்தைப் பற்றிய கூற்று. தனி மனிதரைப் பற்றியதன்று.

தனிக்கோடுகளின் தொகுப்பு

சராசரி தற்செயலை நீக்குகிறது. ஆனால் அதனோடு காலத்தையும் மறைத்துவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இருவருக்கு முப்பதாம் வயதில் மேல் எண் 118 என வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு ஆண்டுக்கு 0.4 மில்லிமீட்டரும், இரண்டாமவருக்கு 1.2 மில்லிமீட்டரும் கூடுகின்றன. 25 ஆண்டுகளுக்குப் பின் முதலாமவர் 128 இல் நிற்பார்; இரண்டாமவர் 148 ஐ எட்டியிருப்பார். முப்பதாம் வயதில் இருவரையும் அளந்த மருத்துவருக்கு அவர்களிடையே வேறுபாடே தெரிந்திராது. வேறுபாடு அளவில் இல்லை. ஏறும் விரைவில் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தனிக்கோடு வரையப்படுகிறது. அக்கோடு எங்குத் தொடங்குகிறது, எவ்வளவு சரிவோடு ஏறுகிறது என்னும் இரண்டையும் மாதிரி மதிப்பிடுகிறது. ஆயிரக்கணக்கான கோடுகளின் பொதுப்போக்கு ஒரு பகுதி. அப்பொதுப்போக்கிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் அளவு மற்றொரு பகுதி. இவ்வகை மாதிரியைக் 'கலப்பு விளைவு மாதிரி' என்பர். லயர்டு, வேர் ஆகிய இருவரும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப்பின் மருத்துவ ஆய்வில் இது பரவலாயிற்று. இதற்கு முன்னோடியாக அமைந்த வளர்ச்சிக் கோடுகளின் பகுப்பாய்வில், இந்தியப் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் 1950களிலும் 1960களிலும் அரும்பணி ஆற்றினார் என்பது பெருமைக்குரியது.

கோடுகளை வரைந்தபின், உறவினர்களின் கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன எனக் காண்கின்றனர். தொடக்க அளவில் ஒற்றுமை மிக்கிருந்தால், மரபணுக்கள் அடிப்படை அளவைத் தீர்மானிக்கின்றன எனலாம். சரிவில் ஒற்றுமை மிக்கிருந்தால், முதுமையோடு அழுத்தம் ஏறும் விரைவிலும் அவற்றுக்குப் பங்குண்டு எனலாம். ஒரு வயதில் அமைதியாக இருக்கும் மரபணு மற்றொரு வயதில் செயற்படவும் கூடும்.

நீண்டகாலத் தரவு தரும் இடர்கள் சில உண்டு. முதலாவது, மருந்து. மாத்திரை உண்பவரின் மேல் எண் 130 எனக் காட்டலாம்; மருந்தில்லையேல் அது 145 ஆக இருந்திருக்கும். காட்டிய எண்ணை அப்படியே கொண்டால் மரபின் விளைவு மறைந்துபோகும். அவரை விலக்கிவிட்டால், மரபின் சுமையை மிகுதியாகத் தாங்குபவர்களே ஆய்விலிருந்து நீங்கிவிடுவர். எனவே மருந்துண்போரின் மேல் எண்ணோடு 15ஐயும் கீழ் எண்ணோடு 10ஐயும் கூட்டிக் கணக்கிடும் முறை பல ஆய்வுகளில் பின்பற்றப்படுகிறது.

இரண்டாவது, பிரிவு. அழுத்தம் மிகுந்தோர் பிறரைவிட முன்னதாகவே இறக்கின்றனர். முதிய வயதில் எஞ்சி நிற்போரை மட்டும் அளந்தால், முதுமையில் அழுத்தம் அவ்வளவாக ஏறுவதில்லை என்னும் பொய்த்தோற்றம் எழும். இறந்தோரின் முந்தைய அளவுகளையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் மாதிரியே இப்பிழையைக் குறைக்கும்.

மூன்றாவது, முடிவு தெரியாதோர். ஆய்வு முடியும் நாள்வரை நோய் வராதவரை, நோயே வராதவர் எனக் கொள்ளுதல் தவறு. 'இந்நாள்வரை வரவில்லை' என்பது மட்டுமே தெரியும். அந்த அரைச்செய்தியையும் வீணாக்காமல் பயன்படுத்தும் முறையை ஆங்கிலப் புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972ஆம் ஆண்டில் வழங்கினார்.

வருமா என்பதன்று, எப்போது என்பதே வினா

2002ஆம் ஆண்டில் வெளியான பிரேமிங்காம் கணிப்பு ஒன்று மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. 55 வயதிலோ 65 வயதிலோ உயர் இரத்த அழுத்தம் இல்லாதவருக்கும், எஞ்சிய வாழ்நாளில் அது வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 90 விழுக்காடு என்பதே அக்கணிப்பு.

இவ்வெண்ணைச் சிந்தித்தால், தொடக்கத்தில் கண்ட இரு பேச்சுகளும் வலுவிழக்கின்றன. முதுமைவரை வாழ்வோருள் பெரும்பாலோருக்கு வரக்கூடியது என்றால், "எங்கள் குடும்பத்தில் இல்லை" என்னும் துணிவுக்கு இடமில்லை. "குடும்பத்தில் இருக்கிறது, வரும்" என்னும் சொல்லோ புதிய செய்தி எதையும் தருவதில்லை. வேண்டிய வினா வேறு: அது எந்த வயதில் வரும்? நாற்பதில் வந்தால் இதயமும் மூளையும் சிறுநீரகமும் நாற்பதாண்டுகள் அச்சுமையைத் தாங்க வேண்டும். எழுபதில் வந்தால் சுமக்கும் காலம் குறைவு.

பிரேமிங்காமின் மூன்று தலைமுறைகளும் இதற்கே விடை தந்தன. 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, 55 வயதுக்கு முன்பே உயர் இரத்த அழுத்தம் கண்ட தாத்தா பாட்டியரின் பேரப்பிள்ளைகளுக்கு, பெற்றோரின் நிலையைக் கணக்கிட்டு நீக்கியபின்னும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. ஆகவே குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது, "யாருக்கு இருந்தது?" என்பதோடு நில்லாமல், "எந்த வயதில் தொடங்கியது?" எனவும் கேட்க வேண்டும். 2008ஆம் ஆண்டில் பிரேமிங்காம் ஆய்வாளர்கள் அமைத்த கணிப்புமுறையிலும் வயது, பாலினம், மேல் எண், கீழ் எண், உடல் நிறைக் குறியீட்டெண், புகைப்பழக்கம் ஆகியவற்றோடு பெற்றோரின் இரத்த அழுத்த வரலாறும் இடம்பெற்றது.

சிறுதுளிகளின் தொகுப்பு

மனித மரபணுத் தொகுதியை முழுமையாக அலசும் கருவிகள் வந்தபின், பிக்கரிங்கின் கருத்து கண்கூடாயிற்று. 2011ஆம் ஆண்டில் இரண்டு இலட்சம் பேரின் தரவைக்கொண்டு வெளியான ஆய்வு 29 மரபு வேறுபாடுகளைச் சுட்டியது. அவற்றுள் ஒவ்வொன்றும் மேல் எண்ணை ஏறத்தாழ 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் மாற்றின. 2018ஆம் ஆண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு ஆராயப்பட்டபோது, அறியப்பட்ட இடங்களின் தொகை 901 ஆயிற்று.

ஒருவர் பெற்றுள்ள இத்தகைய வேறுபாடுகளை, அவற்றின் விளைவுக்கேற்ற எடையிட்டுக் கூட்டினால் வருவது 'பல்மரபணு மதிப்பெண்'. மதிப்பெண் மிக்க குழுவுக்கும் குறைந்த குழுவுக்கும் இடையே சராசரி அழுத்தத்தில் தெளிவான வேறுபாடு உண்டு. ஆனால் இவ்விரு குழுக்களின் பரவல்களும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிகின்றன. உயர்ந்த மதிப்பெண் பெற்றும் அழுத்தம் இயல்பாக இருப்போர் பலர். குறைந்த மதிப்பெண் பெற்றும் நோயுற்றோர் பலர். வயது, எடை, இன்றைய அழுத்தம் ஆகியவை முன்பே தெரிந்திருந்தால், இம்மதிப்பெண் கணிப்பின் துல்லியத்தைச் சிறிதளவே கூட்டும். எனினும் இதற்கெனத் தனியொரு பயன் உண்டு: அழுத்தம் ஏறத் தொடங்குமுன், பிறந்த நாளிலேயே இதைக் கணக்கிட முடியும்.

இங்கு நீதி சார்ந்த வினா ஒன்று எழுகிறது. இவ்வாய்வுகளுக்குத் தரவு தந்தோருள் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். அவர்களிடம் கணக்கிட்ட எடைகளை ஆப்பிரிக்கரிடமோ தெற்காசியரிடமோ பொருத்தினால், கணிப்பின் துல்லியம் குறைகிறது. பிரேமிங்காம் ஆய்விலும் தொடக்கத்தில் சேர்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையர். 1994ஆம் ஆண்டில்தான் பல்வேறு இனப் பின்னணி உடையோர் தனிக்குழுவாகச் சேர்க்கப்பட்டனர். அளக்கப்படாத மக்களுக்கு, அளக்கப்பட்ட மக்களின் அளவுகோல் முழுமையாகப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு நிலத்திலும் நீண்டகால ஆய்வுகள் வேண்டும். வேலூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் இளமை எய்தியபின் இரத்த அழுத்தம் உள்ளிட்டவற்றை அளந்த ஆய்வு, அவ்வகையில் தமிழகம் அளித்த கொடை எனலாம்.

மரபு தருவது தொடக்கம்

மரபின் பங்கு இவ்வளவு என்றால், வாழ்க்கைமுறைக்கு இடமுண்டா? இரு சான்றுகள் விடை கூறுகின்றன.

1988ஆம் ஆண்டில் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு, 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்தது. அவர்களுள் பிரேசில் நாட்டுக் காடுகளில் வாழும் யானோமாமி பழங்குடியினரும் அடங்குவர். அவர்களின் உணவில் உப்பு மிகமிகக் குறைவு, உடலுழைப்பு மிகுதி. அவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் காணப்படவில்லை. வயது கூடியபோதும் அழுத்தம் ஏறவில்லை. முதுமையோடு அழுத்தம் ஏறுவது மனித உடலின் மாற்றவியலாத இயல்பு என்னும் பழைய எண்ணத்தை இச்சான்று அசைத்தது.

2018ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் உயிரித் தரவகத்தைச் சேர்ந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட ஆய்வு வெளியானது. மரபு ஆபத்தின்படி அவர்கள் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். நல்ல உணவு, உடற்பயிற்சி, அளவான எடை, புகையாமை, குறைந்த உப்பு முதலியவற்றைக் கடைப்பிடித்தோருக்கு மூன்று பிரிவிலுமே அழுத்தம் குறைந்திருந்தது. மரபுச் சுமை மிக்கோருக்கும் நல்வாழ்க்கையின் பயன் கிட்டியது. மரபுச் சுமை குறைந்தோரையும் தீய பழக்கங்கள் விட்டுவைக்கவில்லை.

கோட்டின் தொடக்கப் புள்ளியை மாற்றுவது எவர் கையிலும் இல்லை. அதன் சரிவையோ ஓரளவு மாற்ற இயலும். சரிவு சிறிது குறைந்தாலும், எல்லைக்கோட்டைத் தொடும் வயது பல ஆண்டுகள் தள்ளிப்போகும். முன்னே கண்ட எடுத்துக்காட்டில், இரண்டாமவரின் ஏற்றம் ஆண்டுக்கு 1.2 இலிருந்து 0.8 ஆகக் குறைந்தால், 140 என்னும் எல்லையை 48 வயதில் தொட வேண்டியவர் 57 வயதைக் கடந்தே தொடுவார். நோய் முற்றும் வராமற் போகவில்லை; ஆயினும் அவருடைய இதயமும் மூளையும் ஒன்பதாண்டுகள் இளைப்பாறின.

புள்ளியியல் கூறும் நிகழ்தகவு, ஒருவரின் தலையெழுத்தைப் படித்துச் சொல்வதன்று. அவரை ஒத்த நூறு பேரைத் திரட்டினால் எத்தனை பேருக்கு என்ன நேரும் என்பதையே அது கூறுகிறது. அந்நூற்றுவருள் ஒருவர் எங்கு நிற்பார் என்பதில் மரபுக்குப் பங்குண்டு, உண்ணும் உப்புக்கும் நடக்கும் நடைக்கும் பங்குண்டு, தற்செயலுக்கும் பங்குண்டு. குடும்ப வரலாறு அறிந்தவர் அஞ்சி ஒடுங்க வேண்டியதில்லை. பிறரைவிடப் பத்தாண்டு முன்னதாகவே அளக்கத் தொடங்கினால் போதும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே வளர்வது. அளந்து பார்ப்பவருக்கு மட்டுமே அது தன் இருப்பைக் காட்டும்.

கலைச்சொல் அறிவோம்

திட்ட விலக்கம் – அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்
ஒட்டுறவு – இரண்டு அளவுகள் இணைந்து மாறும் தன்மை
மரபுவழிப் பங்கு – மக்களிடையே உள்ள வேறுபாட்டில் மரபால் விளையும் பகுதி
பல்மரபணு மதிப்பெண் – மரபு வேறுபாடுகள் பலவற்றை எடையிட்டுக் கூட்டிய தொகை
கலப்பு விளைவு மாதிரி – பொதுப்போக்கையும் தனிமனித விலகலையும் ஒருங்கே மதிப்பிடும் புள்ளியியல் முறை

கற்பவை கற்றபின்…

1. இருபது நாணயங்களை ஐம்பது முறை சுண்டி, ஒவ்வொரு முறையும் கிடைத்த தலைகளின் எண்ணிக்கையைப் பட்டை வரைபடமாக வரைந்து வகுப்பில் காட்சிப்படுத்துக.
2. "நோயின் எல்லைக்கோட்டை வரைவது இயற்கையா, மனிதரா?" என்னும் தலைப்பில் பிளாட், பிக்கரிங் ஆகியோரின் கருத்துகளை முன்வைத்துச் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பல அளவுகளின் சராசரியைக் கண்டபோது மரபுவழிப் பங்கு உயர்ந்ததற்குக் காரணம்
அ) மரபணு மாறியது ஆ) தற்செயல் விலக்கம் குறைந்தது இ) வயது கூடியது ஈ) மருந்து உண்டது

2. இரத்த அழுத்தம் உயரத்தைப் போன்றதோர் அளவு எனக் கூறியவர்
அ) பிளாட் ஆ) காக்ஸ் இ) பிக்கரிங் ஈ) கொரோட்காஃப்

குறுவினா

1. பிரேமிங்காம் ஆய்வில் வாழ்க்கைத் துணைவர்களைச் சேர்த்ததன் பயன் யாது?
2. 'இந்நாள்வரை வரவில்லை' என்பதற்கும் 'வராது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

சிறுவினா

1. மருந்துண்போரின் அளவுகளை மரபாய்வில் எவ்வாறு கையாள வேண்டும்? காரணத்துடன் விளக்குக.
2. ஐரோப்பியரிடம் கணக்கிட்ட மரபு மதிப்பெண் பிற மக்களுக்கு முழுமையாகப் பொருந்தாமைக்குக் காரணம் கூறுக.

நெடுவினா

"வருமா என்பதன்று, எப்போது என்பதே வினா" – இக்கூற்றை மூன்று தலைமுறை ஆய்வின் துணைகொண்டு நிறுவுக.